தெருவில் சற்று நில்லுங்கள்

(ஓவியமும் புகைப்படமும் பயிலும் மாணவர்களும் பயண ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஊருக்குப் போய்த் திரும்பியவரிடம் படங்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கோபுரம் இருக்கும். கடற்கரை இருக்கும். சாப்பிட்ட தோசை இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் அவரும் சிரித்தபடி நிற்பார். கோபுரத்துக்குப் போன தெரு மட்டும் அதில் இருக்காது. அந்தத் தெருவில்தான் அவர் அதிக நேரம் நடந்திருப்பார். பூக்கடையும் பாத்திரக்கடையும் வாசல் தெளித்துக் கோலம் போட்ட வீடும் அங்கேதான் இருந்திருக்கும். ஊர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தெருவைத்தான். அதையே பதிவு செய்யாமல் வந்துவிடுகிறோம்.

இந்தத் தெருவை எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நம்மிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புகைப்படம், மற்றொன்று கையால் வரையும் கோட்டோவியம். இவற்றில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. நாம் உற்றுப் பார்த்ததை ஓவியம் காப்பாற்றுகிறது. நாம் பார்க்கத் தவறியதையும் சேர்த்துப் புகைப்படம் காப்பாற்றுகிறது. இரண்டும் நம்மிடம் கேட்கும் விலை ஒன்றே: தெருவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நின்றவருக்குத்தான் தெரு தன்னைக் காட்டும் என்பதை உங்களை ஏற்கச் செய்வதே என் நோக்கம்.

மதுரைக்கு வந்த இருவகைப் பயணிகள்

நாம் நன்கறிந்த மதுரையையே எடுத்துக்கொள்வோம். 1792-இல் இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் அந்த ஊருக்கு வந்தார்கள். ஒருவர் தாமஸ் டேனியல், மற்றவர் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். 1786-இல் கல்கத்தாவில் வந்து இறங்கி வட இந்தியாவைச் சுற்றிய பிறகு தெற்கே வந்தவர்கள். மைசூர்ப் பகுதியின் மலைக்கோட்டைகள், மதுரை, இராமேசுவரம், குமரி முனை, தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று வழி நெடுக வரைந்துகொண்டே போனார்கள். இங்கிலாந்து திரும்பிய பின் அந்த வரைவுகளைக் கொண்டு செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் முறையில் 144 படங்களை உருவாக்கினார்கள். 1795 முதல் 1808 வரை அவை 'ஓரியன்டல் சீனரி' என்ற தொகுதிகளாக வெளிவந்தன. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை இடிபாடாகக் கிடந்த கோலத்தை அவற்றில் இன்றும் காணலாம்.

ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு இன்னொருவர் வந்தார். பெயர் லினேயஸ் டிரைப். மதராஸ் படையில் கேப்டன். மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்டவர். கேமராவையும் இரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1857-இன் இறுதியிலும் 1858-இலும் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பயணம் செய்தார். நாயக்கர் அரண்மனை, புது மண்டபம், தெப்பக்குளம் எல்லாம் அவருடைய மெழுகுத்தாள் நெகட்டிவில் பதிந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்த எழுத்துகளை அப்படியே கையால் வரைந்தெடுக்க ஓர் ஓவியருக்கு எத்தனை மாதம் பிடித்திருக்கும்!

மதுரை அரண்மனை பின்னாளில் ஆளுநர் நேப்பியர் காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. ஆகவே பழுது பார்ப்பதற்கு முந்தைய அரண்மனையை அறிய டேனியல்களின் அச்சுப் படங்களும் டிரைப்பின் புகைப்படங்களும் இன்று நமக்குச் சான்றுகள்.

இந்த இரு தரப்பாரின் வேலை முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. டேனியல்கள் ஓவியர்கள். ஆனாலும் கட்டடத்தின் அளவு பிசகாமலிருக்க, காட்சியைக் கண்ணாடி வழியாகத் தாளில் விழச்செய்யும் இருட்டுப் பெட்டியைப் பயன்படுத்தினார்கள். கேமராவின் மூதாதை அதுதான். டிரைப் புகைப்படக்காரர். ஆனாலும் அவருடைய நெகட்டிவில் வானம் வெறும் வெளுப்பாக விழுந்தபோது, அதன் மேலேயே வண்ணம் தடவி மேகங்களை வரைந்தார். ஓவியர் கேமராவின் உதவியை நாடினார், புகைப்படக்காரர் தூரிகையை எடுத்தார். இருவருக்கும் நடுவில் நாம் கட்டியிருக்கும் சுவர் அந்தக் காலத்திலேயே இருந்ததில்லை.

கேமரா தன் விருப்பம்போல் சேர்ப்பது

டிரைப்பின் மதுரைப் படங்களில் பெரும்பாலும் மனித நடமாட்டம் இல்லை. ஊரில் ஆள் இல்லாமலா போயிற்று? வெளிச்சம் தாளில் பதியத் தேவைப்பட்ட நேரம் அப்போது மிக அதிகம். நடப்பவர்கள் பதிவதற்குள் கடந்து போய்விடுவார்கள். புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1838-இல் பாரிஸ் நகரின் புல்வார் தியூ தாம்ப்ல் என்ற சாலையைத் தன் அறைச் சன்னலிலிருந்து லூயி டாகேர் படமெடுத்தார். பரபரப்பான அந்தச் சாலை படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. மூலையில் ஒரே ஒரு மனிதரின் உருவம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அவர் செருப்புத் துடைப்பவரிடம் காலை நீட்டி நின்றிருந்தவர். புகைப்படத்தில் முதன்முதலாக இடம்பெற்ற மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் யாரென்று தெரியாது. அந்தச் சாலையில் எத்தனையோ பிரபுக்கள் வண்டியில் போயிருப்பார்கள். அவர்கள் எவரும் வரலாற்றில் பதியவில்லை. அசையாமல் நின்றவர் பதிந்தார்.

பிறகு கருவி வேகம் பெற்றது. 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமான லைகா, கோட்டுப் பையில் அடங்கும் கேமராவாக வந்தது. ஓடுபவர், குதிப்பவர், சிரிப்பு பாதியில் நிற்கும் முகம் எல்லாம் படத்துக்குள் வந்தன. தெருப் புகைப்படம் என்று இன்று நாம் சொல்லும் கலை வளர்ந்தது அந்தச் சிறிய கருவியால்தான்.

ஆனாலும் புகைப்படத்தின் பெரிய கொடை வேகத்தில் இல்லை என்பேன். எடுத்தவர் நினைத்தே பார்க்காததையும் அது சேர்த்துக்கொள்கிறது. பாரிஸில் யூஜேன் அட்ஜே என்றொரு எளிய மனிதர் இருந்தார். ஓவியர்களுக்கு மாதிரிக்கு உதவும் படங்களை எடுத்து விற்பது அவர் தொழில். கனமான மரக் கேமராவைச் சுமந்துகொண்டு, இடிபடவிருந்த பழைய சந்துகள், கடை முகப்புகள், வாசற்படிகள், தெரு வியாபாரிகள் எல்லாவற்றையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தார். 1927-இல் அவர் இறந்தபோது வெளியுலகில் அவரைப் பெரிதாக அறிந்தவர் இல்லை. பெரனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண் புகைப்படக் கலைஞர் அவர் விட்டுச்சென்ற தொகுப்பை மீட்டுக் காப்பாற்றினார். 1968-இல் அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று பழைய பாரிஸின் கடைப் பலகையில் எழுத்து எப்படி இருந்தது, சன்னலில் என்ன தொங்கியது, நடைபாதைக் கல் எப்படிப் பாவப்பட்டிருந்தது என்று அறிய விரும்புவோர் அட்ஜேயிடம்தான் போகிறார்கள்.

நம் வீட்டு ஆல்பத்தையே பாருங்கள். தாத்தாவும் பாட்டியும் நிற்கும் பழைய தெருப் படம் ஒன்று இருந்தால், முகங்களைப் பார்த்து முடித்த பிறகு கண் பின்னணிக்குப் போகும். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர், கடைப்பலகை, தந்திக் கம்பம், ஓரமாக நிறுத்திய சைக்கிள். எடுத்தவர் எதையும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. காலம் போகப் போகப் பின்னணிதான் முன்னே வருகிறது. ஆகவே தெருவில் படமெடுக்கும் இளைஞர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் எடுக்கும் மோகத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். கடைப்பலகை படிக்கும்படி விழட்டும். நீங்கள் இன்று அழுக்கு என்றும் இடைஞ்சல் என்றும் ஒதுக்குவதைத்தான் ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் ஆவலோடு தேடுவார்.

கை அறிந்தே சேர்ப்பது

இனி ஓவியத்துக்கு வருவோம். கையால் வரையும்போது எதுவும் தானாகத் தாளுக்கு வராது. ஒவ்வொரு கோட்டையும் நாம் பார்த்து, ஏற்று, இழுத்தாக வேண்டும். ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தைத் தாங்கும் மரத்தூண் எத்தனை, தூணின் தலையில் பலகை எப்படிப் பொருந்துகிறது, திண்ணை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டால்தான் கோடு ஓடும். அரை மணி நேரம் வரைந்த வீட்டை வாழ்நாளில் மறக்க மாட்டோம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் ஓர் அருங்காட்சியகத்தில் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மாணவர்களைச் சில பொருள்களைப் படமெடுக்கவும் சில பொருள்களை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்களைப் பற்றி அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் கைவிட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. எதை எடுப்பது என்று தேர்ந்தபோது கவனம் திரும்பிவிட்டது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வாம்ஸும் அவருடைய சகாக்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஒரு சொல்லைத் தாளில் எழுதியவர்களைவிட, அது குறிக்கும் பொருளைப் படமாக வரைந்தவர்கள் அந்தச் சொல்லை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். வரைய நான்கே நொடி கொடுத்தபோதும் இது பலித்தது. படம் அழகாக வந்ததா என்பது அங்கே பொருட்டாகவே இல்லை. எனக்கு வரைய வராது என்று தயங்குபவர்கள் இதைக் கேட்டு மனம் தேற வேண்டும். நினைவுக்காக வரைவதற்கு ஓவியத் திறமை முன்நிபந்தனை இல்லை.

நம் பத்திரிகை உலகம் இந்த உண்மையை ஆய்வில்லாமலே அறிந்திருந்தது. 'சில்பி' என்று நாம் கொண்டாடும் பி. எம். சீனிவாசன் 1919-இல் நாமக்கல்லில் பிறந்தவர். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் முன்னே அமர்ந்து வரைந்தார். மங்கிய மண்டபத்தில் கண்ணுக்குப் பிடிபடாத அணிகலன்களும் விரல் மடிப்பும் அவருடைய கோட்டில் துலங்கின. தஞ்சாவூரில் பிறந்த கோபுலு கதைகளுக்கும் நகைச்சுவைத் துணுக்குகளுக்கும் வரைந்த படங்களில் திண்ணையும் முற்றமும் ஊஞ்சலும் கச்சேரி மேடையும் அப்படியே இருக்கின்றன. துணுக்கின் சிரிப்பு அடங்கிய பிறகும் அந்த வீடுகள் நமக்கு ஆவணமாக நிற்கின்றன.

மதுரைக்காரர் ஒருவரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனோகர் தேவதாஸ் 1936-இல் பிறந்தவர். தொழிலால் வேதியியலாளர், மின்கல நிறுவனத்தில் பணி. விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் பரம்பரை நோய் அவருக்கு இருந்தது. பார்வையின் எல்லை ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வந்தது. அவருடைய மனைவி மஹிமா 1972-இல் ஒரு கார் விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். இந்த இரு துயரங்களுக்கும் நடுவில் அவர் பேனாவும் மையுமாக அமர்ந்து மதுரையை வரைந்தார். மதுரையில் கழிந்த தன் இளமையைப் பற்றி 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற நூலை எழுதி, படங்களையும் தானே வரைந்தார். பின்னர் 'மல்டிபிள் ஃபேஸெட்ஸ் ஆஃப் மை மதுரை' வந்தது. மிக நுண்ணிய கோடுகளை அடுக்கி அடுக்கி ஒளியையும் நிழலையும் உண்டாக்குவது அவர் பாணி. ஒரு சுவரின் காரை பெயர்ந்த இடமும் ஓட்டின் வரிசையும் கோபுரத்தின் அடுக்கும் அதில் தனித்தனியாகத் தெரியும். கண்ணாடி மேல் கண்ணாடி போட்டு, பலமான விளக்கு வெளிச்சத்தில், ஒரு நேரத்தில் ஒரு சிறு துண்டை மட்டுமே காணக்கூடிய கண்ணால் அவர் முழு ஊரையும் வரைந்தார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2022-இல் மறைந்தார். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும் நாம் அதே மதுரையின் மாசி வீதியில் தலை குனிந்து செல்போனைப் பார்த்தபடி நடக்கிறோம். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் பார்வையைப் பற்றிய பொறுப்புணர்வு வருகிறது.

இரண்டையும் ஆண்டவர்

புகைப்படமும் ஓவியமும் ஒரே மனிதரின் வாழ்வில் எப்படிக் கைகோத்தன என்பதற்கு ஆன்றி கார்த்தியே-பிரெசோன் சான்று. பிரான்சில் 1908-இல் பிறந்து, இளமையில் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர். 1930-களின் தொடக்கத்தில் லைகாவைக் கையில் எடுத்தார். 1947-இல் மேக்னம் புகைப்படக் கூட்டுறவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படமெடுத்தார். 1950 ஏப்ரலில் தமிழ் மண்ணுக்கும் வந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி மறைந்த 14-ஆம் தேதி அவர் அங்கே இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். 1952-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற புகைப்பட நூலுக்கு அட்டை வரைந்தவர் ஓவியர் மத்தீஸ்.

எழுபதுகளில் அவர் கேமராவைப் பெரும்பாலும் ஓரம் வைத்துவிட்டுப் பென்சிலுக்குத் திரும்பினார். 2004-இல் மறையும் வரை வரைதலே முதன்மையாக இருந்தது. அவருடைய புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். படியின் வளைவும் சுவரின் கோடும் மனிதர் வரும் முன்பே இடம் பார்த்து வைத்தவைபோல் இருக்கும். ஓவியம் பயின்ற கண் சட்டகத்தை முதலில் அமைக்கும், பிறகு ஆளுக்காகக் காத்திருக்கும். வரையக் கற்றவர் எடுக்கும் புகைப்படம் மேம்படும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தெருவில் செய்யும் முறை

இனி நடைமுறை. நான் மாணவர்களுக்குச் சொல்லும் ஒழுங்கு இது: முதலில் நில்லுங்கள், அடுத்து வரையுங்கள், கடைசியில் படமெடுங்கள்.

வெளிச்சத்தின் போக்கை அறிந்து தெருவைத் தேர்ந்துகொள்ளுங்கள். மதுரையின் மேல மாசி வீதி வடக்கு தெற்காக ஓடுவது. காலையில் அதன் மேற்கு வரிசைக் கட்டடங்கள் கிழக்கு வெயிலை முகத்தில் வாங்கும், எதிர் வரிசை நிழலில் இருக்கும். மாலையில் இது தலைகீழ். தெற்கு மாசி வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால் காலை வெயில் தெருவின் நீளத்துக்கே விழும். நடப்பவர்களின் நிழல் நீண்டு படத்துக்கு ஆழம் தரும். உச்சி வெயிலில் நிறம் வெளிறும், முகத்தில் கண்குழி கறுக்கும். அந்த நேரத்தை மண்டபத்துக்குள்ளும் கடைக்குள்ளும் செலவிடலாம்.

வரைவதற்குக் கையடக்கமான நோட்டு போதும். தாள் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். தண்ணீரில் கரையாத மைப் பேனா வாங்குங்கள். கரையும் மையென்றால் வாட்டர் கலர் தொட்டவுடன் கோடெல்லாம் ஊறி ஓடிவிடும். முதலில் உங்கள் கண்மட்டத்தில் ஒரு கிடைக்கோடு இழுங்கள். சமதளத் தெருவில் நீங்கள் நின்று வரைந்தால், உங்கள் உயரமுள்ளவர்களின் கண்கள் அருகிலானாலும் தொலைவிலானாலும் அந்தக் கோட்டிலேயே இருக்கும். கால்தான் மேலும் கீழும் மாறும். திண்ணையில் அமர்ந்து வரைந்தால் அந்தக் கோடு நிற்பவர்களின் மார்பு மட்டத்துக்கு இறங்கும். இந்த ஒரு விதி தெரிந்தால் கூட்டத்தை வரையும் பயம் பாதி போய்விடும். கட்டடத்தின் பெரிய உருவத்தை முதலில் பிடியுங்கள். அளவுகோலாக ஒரு வாசற்கதவை வைத்துக்கொள்ளுங்கள். நடப்பவர்கள் காத்திருக்க மாட்டார்கள். ஆனால் பூக்காரம்மா ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார். அவர் கை அதே நிலைக்கு வரும்போதெல்லாம் ஒரு கோடு சேருங்கள்.

செல்போனில் படமெடுக்கும்போது, அதன் இயல்பான லென்ஸ் அகலப் பார்வை கொண்டது என்பதை நினைவில் வையுங்கள். ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுத் தெரிவார். ஆகவே மனிதர்களை நடுப்பகுதியில் வைத்து, ஓரங்களைச் சுவருக்கும் தூணுக்கும் விடுங்கள். ஒரே இடத்தில் மூன்று வகைப் படம் எடுங்கள். தெரு முழுதும் ஒன்று, ஒரு கடை அல்லது வீடு ஒன்று, கைப்பிடி, பூட்டு, எழுத்து என ஒரு நுணுக்கம். பயணம் எவ்வளவு நீண்டதானாலும் இந்த மூன்றும் சேர்ந்தால் அந்த இடம் மனத்தில் திரும்ப எழும்.

உலகெங்கும் இப்படி இடத்திலேயே அமர்ந்து வரைபவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. 2010-இல் போர்ட்லண்டில் முதல் மாநாடு, 2015-இல் சிங்கப்பூரில் ஒரு மாநாடு. நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும், காட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பவை அவர்களின் அடிப்படை நெறிகள். சென்னையிலும் வார இறுதிகளில் கூடி ரயில் நிலையத்தையும் சந்தையையும் வரையும் குழுக்கள் இருக்கின்றன. நீங்களும் போய்ச் சேருங்கள்.

தெருவில் இருப்பவர்கள் நம் பொருள்கள் அல்லர்

ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தெரு பொதுவானது. அங்கே இருக்கும் மனிதரின் முகமும் வறுமையும் துயரமும் பொதுச்சொத்து ஆகிவிடாது. படித்துறையில் குளிப்பவர், நடைபாதையில் உறங்குபவர், சாவு வீட்டின் வாசலில் அழுபவர் ஆகியோரைத் தொலைநோக்கு லென்ஸால் எட்டிப் பிடிப்பது திறமை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். குழந்தையை எடுப்பதானால் பெற்றவரைக் கேளுங்கள். "அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? வேண்டாமென்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். எடுத்த படத்தைக் காட்டுங்கள். முடிந்தால் அச்சிட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள்.

இந்த வகையில் வரைபுத்தகம் கேமராவைவிடப் பண்பானது. கேமராவைத் தூக்கினால் சிலர் முகத்தைத் திருப்புவார்கள். நோட்டை விரித்து உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "தம்பி, இந்தக் கடை எங்க தாத்தா வச்சது. அந்த மாடி அப்புறம் கட்டினது" என்று சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பேச்சையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். தெருவின் வரலாறு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது, இவர்களின் வாயில்தான் இருக்கிறது.

பெயரில்லாத படம்

எடுத்ததையும் வரைந்ததையும் என்ன செய்கிறோம்? சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தெருவில் எடுத்தார். யாருக்கும் காட்டவில்லை. வாடகை கட்டப்படாத கிடங்கிலிருந்து 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலம் போயின. உலகம் அவருடைய படங்களை அறிவதற்குள் 2009-இல் அவர் இறந்துவிட்டார். எந்தப் படம் எங்கே, எப்போது, இதில் இருப்பவர் யார் என்று கேட்க ஆளில்லை. அவ்வளவு பெரிய கலைஞருக்கே இந்த நிலை என்றால், நம் செல்போனில் பெயரின்றிக் குவியும் படங்களின் கதி என்ன?

எனவே ஒவ்வொரு படத்துக்கும் நான்கு குறிப்புகள் எழுதுங்கள்: இடம், தேதி, நேரம், எந்தத் திசை நோக்கி. "மேல மாசி வீதி, வடக்கு நோக்கி, காலை 7.30" என்று ஒரு வரி போதும். டிஜிட்டல் படத்துக்குள் தேதியும் இடமும் தாமாகப் பதிவாகும் என்று நம்பியிருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், அந்தத் தகவல்களும் உதிர்ந்துவிடும். மூலக் கோப்பைத் தனியாக இரண்டு இடங்களில் சேமியுங்கள். சிறந்தவற்றை அச்செடுத்துப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள்.

தமிழில் பயண இலக்கியத்துக்குத் தனி இடம் பெற்றுத்தந்த ஏ. கே. செட்டியார் இதற்கு நல்ல முன்னோடி. கோட்டையூரில் 1911-இல் பிறந்து, தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படம் பயின்றவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலை எழுதியவர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பயணம் செய்து, பல நாடுகளில் சிதறிக் கிடந்த 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, 1940-இல் வெளியிட்டார். படமெடுப்பது ஒரு வேலை, தேடிச் சேர்த்து ஒழுங்கு செய்வது அதற்கு நிகரான இன்னொரு வேலை என்பதை அவர் செய்து காட்டினார்.

அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருந்தவர். நூல்கள், இதழ்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் என்று பிறர் கழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பே 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருவெடுத்தது. இலங்கைத் தமிழர்களின் எழுத்தையும் ஆவணங்களையும் 2005 முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் சேர்த்து வருகிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகத்துக்கு, படியெடுத்துப் பல இடங்களில் வைப்பதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் ஊரிலிருந்து தொடங்குவோம்

நண்பர்களே, தெருக்கள் நம் கண்முன்னே மாறுகின்றன. மதுரைப் புது மண்டபத்துக்குள் தலைமுறைகளாக இருந்த தையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் வேறிடத்துக்குப் போய்விட்டன. மண்டபம் கலைச்சின்னமாகத் துலங்கட்டும், அது நல்லதே. ஆனால் தூணுக்குத் தூண் தையல் இயந்திரம் ஓடிய அந்த வாழ்க்கை இனிப் படங்களில்தான் இருக்கும். எல்லா ஊர்களிலும் ஓட்டு வீடுகள் இடிகின்றன, கையால் எழுதிய பலகைகள் பிளக்ஸுக்கு வழிவிடுகின்றன, சாலை அகலமாகிறது. மாற்றத்தை நான் பழிக்கவில்லை. மாறுவதற்கு முன் ஒருமுறை நின்று பார்த்தோமா என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து விடைபெறுகிறேன். தொலைதூரப் பயணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் பிறந்த ஊரில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒவ்வொரு வாசலையும் படமெடுங்கள். அவற்றில் உங்கள் மனத்துக்குப் பிடித்த சிலவற்றை அமர்ந்து வரையுங்கள். கடைக்காரரும் வீட்டுக்காரரும் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதற்குத் தேதி போடுங்கள். ஒரு படி உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் ஒரு படி நீங்கள் படித்த பள்ளிக்கும் கொடுங்கள். வெளியிடத் தடையில்லாத படங்களை விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொதுத் தொகுப்பில் ஏற்றுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே தெருவுக்குப் போய் மறுபடியும் எடுங்கள்.

டேனியல்களும் டிரைப்பும் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கண்ணில் பட்டது கோபுரமும் அரண்மனையும். தெருவில் வாழும் நமக்கு அதைவிட அதிகம் தெரியும். எந்த வீட்டு வாசலில் யார் மாலையில் வந்து அமர்வார், எந்தத் திருப்பத்தில் தேர் திரும்பச் சிரமப்படும், எந்தக் கடையில் கடன் கணக்கு சுவரில் எழுதியிருக்கும் என்பதெல்லாம் நம்மிடம் இருக்கும் செல்வம். அதைத் தாளிலும் படத்திலும் சேர்த்து வைக்கும் கடமை நம்முடையது. வருகிற ஞாயிறு காலையிலேயே தொடங்குங்கள்.